ஒரு சக்கரம் புதுசு, ஒரு சக்கரம் பழசு

செம்பூர் சைக்கிள் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று உங்கள் முதலாளி கேட்டார். உங்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்றும் சொன்னார். பரவாயில்லை. படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டே கேளுங்கள். இந்தக் கதையில் டீக்கும் ஒரு வேலை இருக்கிறது.

வீலுக்குக் கம்பி கோர்ப்பது எப்படி, நெளிந்த ரிம்மின் கோட்டம் எடுப்பது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் கைக்கு வரவேண்டிய விஷயம், கேட்டு வராது. போதாக்குறைக்கு உங்களிடம் கம்பியின் இழுவிசையை முள் வைத்துக் காட்டும் மீட்டர் இருக்கிறது. எங்கள் காலத்தில் கம்பியை விரலால் சுண்டிக் காதால் கேட்போம். இதில் எது மேல் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. மீட்டர்தான் மேல். என் காது இப்போது போய்விட்டது, மீட்டருக்கு அந்தக் கவலை இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஒருவன் கண்ணெல்லாம் ஆசையாக ஒரு ஜோடி புது வீலைக் கொண்டுவந்து, "இதை மாட்டு" என்று உங்கள் முன்னால் நிற்பான். மாட்டுவதா வேண்டாமா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியிருக்கும். எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது.

அறுபதுகளின் நடுவில் நான் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக். குடியிருந்தது தாராவியில். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தோல் வேலை. மீதி வீடுகளில் தோல் வாசனை மட்டும். அந்தத் தெருவில்தான் சவரிமுத்து இருந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். தோல் பதனிடும் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் வேலை. குழியில் ஊறிய தோலைத் தூக்கிப் போடுவது, புரட்டுவது, பிறகு சைக்கிள் கேரியரில் அடுக்கிக்கொண்டு போய் இன்னோர் இடத்தில் இறக்குவது. ஈரத்தோலின் கனம் சுமந்தவனுக்குத்தான் தெரியும். அந்தச் சுமையோடு சயான் பாலத்தை ஏறி ஏறி அவனுக்குத் தொடை தேக்கு மரமாகிவிட்டது. கை மட்டும் கெட்டுப்போயிருந்தது. சுண்ணாம்பு தின்று விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. சோற்றில் ரசம் ஊற்றினால் எரியும் என்று ஸ்பூனால் சாப்பிடுவான். தெருவில் அவனை "துரை" என்று கேலி செய்வார்கள். காரணம் தெரிந்தவர்கள் கேலி செய்ய மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் சில சர்க்கார் இலாகாக்களில் விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுப்பார்கள். இலாகாவுக்காக ரேஸ் ஓட்ட வேண்டும், மற்ற நாளில் ஆபீசில் ஏதாவது ஒரு வேலை. குளிர்கால ரேஸில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு அதிகாரி சவரிமுத்துவிடம் சொல்லியிருந்தார். தாணாவைத் தாண்டிக் கிளம்பி, பன்வேல் வழியாகப் போய், காட் என்று நாங்கள் சொல்லும் கண்டாலா மலைப்பாதையில் ஏறி, மேலே திரும்பி, அதே பாதையில் இறங்கி, பன்வேலுக்கு வந்து முடிகிற ரேஸ் அது. ஏறுவதில் அவனுக்கு இணை கிடையாது. அவனுடைய சைக்கிள்தான் அவனுக்கு இணை இல்லை. யாரோ ஒரு இங்கிலீஷ்காரன் விட்டுப்போன பழைய ரேஸ் சைக்கிள், சட்டம் நல்ல சட்டம். வீல் இரண்டும் இரும்பு ரிம், நான் கோர்த்தது. உறுதி உண்டு, கனமும் உண்டு.

ரேஸுக்கு முந்தின வாரம் எங்கள் தெருவிலிருந்து கப்பல் வேலைக்குப் போன ஒருவர் லீவில் வந்தார். வரும்போது போர்வையில் சுற்றி இத்தாலி வீல் ஒரு ஜோடி கொண்டுவந்தார். அலுமினிய ரிம். வெளிநாட்டுச் சாமான் கண்ணில் படாத காலம். அதைத் தெருவே கூடி நின்று பார்த்தது. ஒரு விரலில் தூக்கிப் பார்த்தார்கள், சுண்டிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தார். அதோடு விட்டிருந்தால் கதை இல்லை.

அந்த வீலில் போடுகிற டயர் நம்முடைய சாதாரண டயர் மாதிரி ரிம்முக்குள் கவ்வி நிற்பதல்ல. டியூபை உள்ளே வைத்துத் தைத்து மூடிய ஒட்டு டயர். ரிம்மின் மேல் பசை தடவி ஒட்ட வேண்டும். ஒட்டுதான் அதற்கு எல்லாம். கப்பல்காரருக்கு இது தெரியாது, வீலும் டயரும் வாங்கியவர் பசை டப்பா வாங்கவில்லை. பம்பாய் முழுக்கத் தேடினாலும் அந்தப் பசை அப்போது கிடைக்காது.

பசை இல்லை என்று வேறு எந்தத் தெருவில் சொல்லியிருந்தாலும் வீல் பரணுக்குப் போயிருக்கும். எங்கள் தெருவில் சொன்னால்? சவரிமுத்துவின் அக்கா ரோசம்மாவின் புருஷன் மிக்கேல் செருப்புத் தைப்பவர். அவர் கை பட்ட செருப்பு அடி விடாது என்று பெயர். "ஒட்டுததுக்கு இத்தாலிக்காரன் வரணுமாக்கும்" என்று தன் பசையை எடுத்துவந்து, மைத்துனனுக்காகப் பாசத்தோடு இரண்டு வீலையும் ஒட்டிக் கட்டிக் காயவைத்துக் கொடுத்துவிட்டார். ஊரில் வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. நாங்கள் பசையோடு பிறந்து பசையோடு வளர்ந்தவர்கள்.

ரேஸுக்கு முந்தின நாள் மத்தியானம் சவரிமுத்து வீல்களோடு கடைக்கு வந்தான். புது ரிம் பழையதைவிடக் கொஞ்சம் சின்னது. பிரேக் கட்டையை இறக்கி வைத்தேன். கோட்டம் பார்த்தேன், கம்பி சரி பார்த்தேன். இரண்டையும் மாட்டி, மாட்டுங்கா சர்க்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொன்னேன். ஒன்று என்றால் அவன் நாலைந்து சுற்றுப் போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"அண்ணே, சைக்கிள் கீழே இருக்கா இல்லையான்னே தெரியல. காத்துல போவுத மாதிரி போவுது" என்றான். "நாளைக்கு காட்ல ஒருத்தனும் என் பின்னாலகூட வர மாட்டான்."

அவன் சொன்னது பொய்யில்லை. சைக்கிளில் வேறு இடத்தில் எடையைக் குறைப்பதைவிடச் சுற்றுகிற வீலில் குறைத்தால் கால் உடனே உணரும். உங்கள் வாடிக்கையாளர்கள் இன்றைக்கும் அதற்காகத்தான் வருகிறார்கள்.

எனக்கு உறுத்தியது வாசனை. பின் வீலைத் துடைக்கக் குனிந்தபோது மிக்கேலின் பசை வாசனை மூக்கில் ஏறியது. என் காலில் கிடந்த செருப்பும் அவர் தைத்ததுதான். கோடையில் ஒருநாள் அதைக் கடை வாசலில் தகரத்தின் மேல் கழற்றிப் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் அடி தனியாக, மேல் தனியாக வாயைப் பிளந்து கிடந்தது. அவரிடம் கொண்டுபோனபோது என்னைத்தான் திட்டினார். "வெயில்ல கழத்திப் போடாதியன்னு எத்தன வாட்டி சொல்லுதது? சூடு பட்டா பசை இளகத்தான் செய்யும்."

கூடவே இன்னொன்று ஞாபகம் வந்தது. சயான் பாலத்திலிருந்து லோடு சைக்கிள்காரர்கள் பிரேக் பிடித்தபடியே இறங்கி, நேராக எங்கள் கடைக்கு வந்து நிற்பார்கள். அந்த ரிம்மைத் தெரியாமல் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டவன் நான். பாலம் இறங்கினாலே அப்படி. நாளைக்கு இவன் இறங்கப் போவது காட்.

மிக்கேலைக் கூட்டிவரச் சொன்னேன். அவர் வந்தார், பின்னாலேயே ரோசம்மாவும் வந்தாள். அந்தச் சமயம் பார்த்து டீக்கடைக்காரர் கெட்டிலோடு வந்து நின்றார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. முன் வீலைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற டீயை ரிம்மின் ஓரத்தில், பிரேக் கட்டை உரசுகிற இடத்தில், ஊற்றச் சொன்னேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் ஊற்றினார். கொஞ்ச நேரம் விட்டு அந்த இடத்தில் டயரைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினேன். டயர் நகர்ந்தது. கட்டைவிரல் அகலத்துக்கு ரிம்மை விட்டு விலகி, பசை நூல் நூலாக இழுத்தது.

மிக்கேல் குனிந்து தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். நிமிர்ந்து, "என் பசைதான். எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். செருப்புக்குச் சொல்லுத புத்தியை வீலுக்குச் சொல்ல மறந்துட்டேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சவரிமுத்து ஒப்புக்கொள்ளவில்லை. "டீச்சூடு வேற, ரிம் சூடு வேற. மலை மேல குளிர்ல அவ்வளவு சுடாது. நான் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கேன். அண்ணே, பழைய வீல்ல ஏறுனா முத மூணு பேருல நான் கெடையாது. அது உனக்கும் தெரியும்."

தெரியும். சூடு எவ்வளவு ஏறும் என்று மட்டும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு பசை போடலாம் என்றால் வேறு பசை இல்லை. இருந்தாலும் காலைக்குள் காயாது.

எங்கள் கடை முதலாளி மாட்டுங்காவில் இரண்டு தலைமுறையாக இருக்கிற குடும்பம். நல்ல மனிதர்தான். கல்லாவில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "கேக்கறதை மாட்டிக் குடுத்துடுப்பா. சாமான் அவனோடது, உசிரும் அவனோடது. புத்தி சொல்றது நம்ம வேலை இல்லை. நாளைக்கு அவன் தோத்துட்டா உன்னைத்தான் சொல்லுவான்."

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் நூற்றுக்கு நூறு உண்மை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ரோசம்மா என்னைத் தனியாக ஓரத்துக்கு அழைத்தாள். "எய்யா, எனக்கு வீலும் தெரியாது கீலும் தெரியாது. பயமில்லாதது எது, அத மட்டும் சொல்லு."

"பழசு ரெண்டும்."

"பெறவு அதையே மாட்ட வேண்டியதுதான?"

"மாட்டுனா ஜெயிக்க மாட்டான் யக்கா. இன்னும் ஒரு வருஷம் சுண்ணாம்புக் குழி."

அவள் தம்பியின் கையைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லையா?" என்றாள்.

அந்தக் கேள்வி வரும்வரை நான் வீல்களை ஜோடியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜோடியாக வந்ததால் ஜோடியாக மாட்ட வேண்டும் என்று யார் சொன்னது? இறக்கத்தில் முன் டயர் கழன்றால் ஆள் தலைகுப்புறப் பள்ளத்தில். பின் டயர் கழன்றால் சைக்கிள் இழுத்துக்கொண்டு சறுக்கும், தோல் உரியும், பிழைக்க வழியுண்டு. அதுவும் பின் பிரேக்கைத் தொடாமலே இறங்கினால் பின் ரிம் சூடாகவே ஆகாது. சூடாகாத வரைக்கும் மிக்கேலின் பசை கல். ஆக, பின்னால் புதுசு, முன்னால் பழைய இரும்பு. இறக்கம் முழுக்க முன் பிரேக் மட்டும். எடையில் பாதி லாபம் கிடைக்கும், முழு லாபம் கிடைக்காது.

சொன்னேன். சவரிமுத்து சைக்கிளைப் பார்த்தான். "ஒரு கால்ல பூட்ஸ், ஒரு கால்ல செருப்பு. தெருவே சிரிக்கும்" என்றான்.

"சிரிக்கட்டும்ல. பின் பிரேக்கு இடது கைப்பிடி. அதத் தொடாம இறங்குவியா, அதச் சொல்லு."

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "தொடாம எப்படி இருப்பேன் அண்ணே? லோடு ஓட்டி ஓட்டி ரெண்டு கையும் சேந்தே புடிக்கும். பயம் வந்தா என் பேச்சை என் கையே கேக்காது."

பின் பிரேக்கையே கழற்றிவிடலாம் என்றால் ரேஸ் கிளம்பும் இடத்தில் இரண்டு பிரேக்கும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்போது மிக்கேல் ஹேண்டில் பக்கம் போனார். இடது பிரேக்கின் பிடி, ஹேண்டில் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தை விரல் விட்டு அளந்தார். வீட்டுக்குப் போய், செருப்பின் அடித்தோலில் ஒரு ஆப்பு வெட்டிக்கொண்டு வந்தார். சந்தில் வைத்து அழுத்தினால் கச்சிதமாக உட்கார்ந்தது. பிடியை எவ்வளவு நெரித்தாலும் அசையவில்லை. ஆப்பின் ஓரத்தில் ஒரு காது தைத்திருந்தார். "செக்கிங் முடிஞ்ச பெறவு வச்சுக்கோ. ரொம்ப ஆபத்துன்னா இந்தக் காதைப் பிடிச்சு இழு, கழண்டுரும்" என்றார். இந்த முறை பசையே இல்லை. முழுக்கத் தையல்.

முன்னால் பழைய வீலை மாட்டி, அந்தப் பிரேக் கட்டையை மறுபடி ஏற்றி வைத்தேன். சவரிமுத்து சரி என்று சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான், அவ்வளவுதான்.

மறுநாள் பன்வேலில், ரேஸ் முடிகிற இடத்தில், நானும் மிக்கேலும் ஒரு லாரி பிடித்துப் போய்க் காத்திருந்தோம். காட் உச்சியில் திரும்பும்போது அவன் இரண்டாவதாக இருந்தான் என்று ஜீப்பில் வந்தவர்கள் சொன்னார்கள். மிக்கேல் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதல் ஆள் போனான், இரண்டாவது ஆள் போனான், மூன்றாவதும் போனான். சவரிமுத்து ஐந்தாவதாக வந்தான்.

மூச்சு அடங்கிய பிறகு நடந்ததைச் சொன்னான். என்னிடம் இல்லை, மிக்கேலிடம். இறக்கத்தில் ஒரு கை பிரேக்கை மட்டும் நம்பி அவனால் வேகத்தை விட முடியவில்லை. மற்றவர்கள் அவனைத் தாண்டிப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இறங்கியிருக்கிறான். ஒரு வளைவில் எதிரே லாரி வந்திருக்கிறது. அவன் பயந்தபடியே கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்து நெரித்திருக்கிறது. தோல் ஆப்பு அசையாமல் நின்றிருக்கிறது. சைக்கிள் சரளைக்கல்லில் இறங்கி, பள்ளத்தின் ஓரமாக ஓடி, எப்படியோ திரும்பவும் தாருக்கு ஏறியிருக்கிறது. காதைப் பிடித்து இழுக்க அவனுக்கு ஞாபகமே வரவில்லை.

இதை உங்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன். அவனைக் காப்பாற்ற நாங்கள் வைத்த ஆப்பே அன்றைக்கு அவனைக் கொன்றிருக்கவும் கூடும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். தலைக்கு வந்ததே எங்களால்தானோ என்ற எண்ணம் எனக்குப் பல நாள் இருந்தது. அங்கேயே, பிரேக் பிடித்த முன் ரிம்மில் கை வைத்துப் பார்க்கலாம் என்று குனிந்தேன். காட் அடிவாரத்திலிருந்து பன்வேல் வரை சமதளம், காற்றுப்பட்டு அது ஆறிப்போயிருந்தது. எவ்வளவு சூடானது என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை.

அவன் ஆப்பைப் பிடுங்கி என் முன்னால் போட்டான். "ரெண்டும் புதுசா மாட்டியிருந்தா நான்தான் மொத ஆளு" என்றான். நடந்த விபத்துக்கு ஊரே சாட்சி சொல்லும். நடக்காமல் போனதற்குச் சாட்சி கிடையாது.

அவன் மறுபடி சுண்ணாம்புக் குழிக்குப் போனான். தினமும் தோல் சுமையோடு என் கடை வாசலைத் தாண்டிப் போவான். திரும்பிப் பார்க்க மாட்டான். காற்றடிக்கக்கூட வேறு கடைக்குப் போனான். போகும்போது அவன் கை என் கண்ணில் படும். என் முடிவுக்கு விலை கொடுத்தது என் கை அல்ல.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ரோசம்மா ஒரு தூக்கில் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தாள். "அவன் இன்னும் பேசலையாக்கும்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பேசாட்டா போறான். கோவத்தோடயாச்சும் தினமும் வீட்டுக்கு வந்து சோறு திங்கான்லா. எனக்கு அது போதும் எய்யா" என்றாள்.

அடுத்த வருஷம் ரேஸ் நெருங்கியது. ஒருநாள் காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் சவரிமுத்து இரண்டு இத்தாலி வீல்களையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். மிக்கேலின் பசையெல்லாம் சுரண்டி எடுக்கப்பட்டு ரிம் பளபளவென்று இருந்தது. கப்பல்காரர் இந்த முறை சரியான பசையைக் கொண்டுவந்திருந்தார். டயரை அவனே ஒட்டி, ஒரு வாரம் காயவைத்திருந்தான். என்னிடம் பேசவில்லை. வீல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கேயோ போனான். சரி, இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது கையில் கெட்டில் இருந்தது. ஆவி பறக்கக் கொதிக்கிற டீ. முன் வீலைத் தரையில் நிறுத்தி, தானே ரிம்மின் ஓரத்தில் ஊற்றினான். பொறுத்திருந்தான். வெடித்த கட்டைவிரலால் டயரைத் தள்ளினான். அசையவில்லை. வீலைத் திருப்பி வேறு இடத்தில் ஊற்றினான், தள்ளினான். பிறகு பின் வீல். டீ முழுக்கத் தீர்ந்த பிறகுதான் நிமிர்ந்தான்.

"இப்ப மாட்டு" என்றான். ஒரு வருஷத்தில் என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"நீயும் ஒரு தரம் தள்ளிப் பாரு" என்றான் பிறகு. பார்த்தேன். மாட்டினேன்.

அவன் இரண்டாவதாக வந்தான். வேலை கிடைத்தது.

வேலையில் சேர்ந்த பிறகு ஒருநாள், இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் கடைக்கு வந்தான். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். வெடிப்பு இன்னும் முழுக்க ஆறவில்லை, ஆனால் ஆறிக்கொண்டிருந்தது. முதலாளி ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவன் உட்காரவில்லை. எதையோ கேட்க வந்தவன் மாதிரி நின்றான்.

"அண்ணே, உள்ளதச் சொல்லு. போன வருஷம் ரெண்டும் மாட்டியிருந்தா கழண்டிருக்குமா?"

அவனுக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்திருக்கும்.

"தெரியாதுல" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "ஆமான்னு சொல்லியிருந்தா உன்னை நம்பியிருக்க மாட்டேன்" என்றான்.

வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான். ஆபீஸ் போகிற சாதாரண சைக்கிள், கேரியரில் சாப்பாட்டு டப்பா. "ரெண்டு வீலுக்கும் காத்து அடிச்சு விடு, நேரமாச்சு" என்றான். அடித்துவிட்டேன்.